தண்ணீர் குடிக்க மறுக்கும் குழந்தை: ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகு, “இவன் தண்ணீரே குடிப்பதில்லை” என்று மருத்துவரிடம் முறையிடாத பெற்றோர் குறைவு. அந்த முறையீட்டை ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் இரண்டு காரணங்களே தெரியவரும். குழந்தையின் வயிறு நாள் முழுவதும் பாலால் நிறைந்திருக்கும். அல்லது தண்ணீர் குடிப்பது பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் இடையிலான ஒரு மல்லுக்கட்டாக மாறியிருக்கும். இரண்டுமே வீட்டிலேயே சரிசெய்யக் கூடியவை. ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள, மற்றபடி நலமாக இருக்கும் குழந்தைகளை மனத்தில் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை என்பதால், இங்கே சொல்லப்படும் எதுவும் அக்குழந்தைகளுக்குப் பொருந்தாது.

முதல் படி: தேவை எவ்வளவு என்று கணக்கிடுங்கள்

குழந்தை மருத்துவர்கள் இன்றும் கையாளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு ஹாலிடே, சீகர் என்ற இரு மருத்துவர்கள் வகுத்தது அது. உடல் எடையில் முதல் 10 கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 100 மில்லிலிட்டர், அதற்கு மேல் 20 கிலோ வரை கிலோ ஒன்றுக்கு 50 மில்லிலிட்டர் என்று கூட்டிக்கொள்ள வேண்டும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 1000 மில்லியும் 100 மில்லியும் சேர்ந்து நாளுக்கு 1100 மில்லி ஆகிறது. இந்த எண்ணைக் கேட்டதும் ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளையின் பின்னால் ஓட வேண்டாம். இது பால், சோறு, பழம், ரசம் என எல்லா வழியிலும் உள்ளே போகும் நீரின் மொத்தக் கணக்கு.

குழைந்த சோறும் பருப்பும் பழமும் உண்ணும் குழந்தைக்கு, இந்த மொத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு உணவிலிருந்தே கிடைத்துவிடும். மீதமுள்ள சுமார் 800 மில்லியில் 400 மில்லி பாலாக இருந்தால், தண்ணீரும் மோரும் போன்றவையாகக் கொடுக்க வேண்டியது இன்னும் 400 மில்லி மட்டுமே. அதை நாள் முழுவதும் எட்டு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 50 மில்லி, அதாவது மருந்துப் புட்டியுடன் வரும் 5 மில்லி கரண்டியில் பத்துக் கரண்டி. பெரியவர்கள் குடிக்கும் டம்ளரை நிறைத்து நீட்டிவிட்டு, “இரண்டு வாய்தான் குடித்தான்” என்று கவலைப்படுகிறோமே, அந்த இரண்டு வாயிலேயே அந்த வேளைக்கு உரியதில் ஒரு பகுதி முடிந்திருக்கும்.

இரண்டாம் படி: இப்போது எவ்வளவு போகிறது என்று அளந்து பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், ஓரிரு நாட்கள் குழந்தை குடிப்பதை எல்லாம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். வீட்டில் இருக்கும் சிறிய எவர்சில்வர் டம்ளர் எத்தனை மில்லி கொள்ளும் என்பதை மருந்து மூடியாலோ அளவுக் குவளையாலோ ஒரு முறை அளந்துகொண்டால் போதும். பிறகு கண்ணளவே கைகொடுக்கும். பாட்டி கொடுத்த அரை டம்ளர் மோர், பக்கத்து வீட்டில் குடித்த பால், குளிக்கும்போது குவளையிலிருந்து விழுங்கியது எல்லாம் கணக்கில் வர வேண்டும். இவற்றைக் கூட்டிப் பார்த்ததும் பலரது கவலை அங்கேயே பாதி குறைந்துவிடும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையிடம் இப்படி அளந்து பார்ப்பது சாத்தியமில்லை. அவர்களுக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் பொதுவான, அளவுக் குவளையைவிட நம்பகமான சான்று சிறுநீர்தான். நாளுக்கு நான்கு முதல் ஆறு முறையாவது வெளிர் மஞ்சள் நிறத்தில் சிறுநீர் கழித்து, அழும்போது கண்ணீர் வந்து, நாக்கும் வாயும் ஈரமாக இருந்து, வழக்கம்போல ஓடியாடும் குழந்தைக்கு நீர்ப்பற்றாக்குறை இல்லை. சிறுநீர் அடர் மஞ்சளாகவும் நெடி மிகுந்தும் இருந்தால், அல்லது டயப்பர் நெடுநேரம் காய்ந்தே இருந்தால், போதவில்லை என்று பொருள். பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்து கொடுத்த நாளில் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகவும், பீட்ரூட் தின்ற நாளில் சிவப்பாகவும் போகக்கூடும்; அவற்றைக் கண்டு பதற வேண்டியதில்லை. மலம் இறுகி, சிறு உருண்டைகளாக, முக்கி முக்கிப் போவதும் நீர் குறைவுக்கு ஓர் அறிகுறியாகலாம். ஆனால் மலச்சிக்கலுக்கு நார்ச்சத்துக் குறைவும், அளவு மீறிய பாலும், வலிக்குப் பயந்து மலத்தை அடக்கி வைப்பதும்கூடக் காரணங்களாதலால், தண்ணீரை மட்டும் கூட்டினால் அது தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது.

மூன்றாம் படி: பாலைக் குறையுங்கள்

இந்தப் படியைத்தான் பெற்றோர் ஏற்கத் தயங்குகிறார்கள். பாட்டி தாத்தா இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். “சோறுதான் தின்னவில்லை, பாலாவது குடிக்கட்டும்” என்ற பரிவில் காலையில் ஒரு புட்டி, பதினொரு மணிக்கு ஒரு புட்டி, மதியம் உறங்க ஒரு புட்டி, மாலையில் ஒன்று, இரவில் இரண்டு என்று போய்க்கொண்டிருக்கும். பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு நீர் இருப்பதால், ஒரு லிட்டர் பால் குடிக்கும் குழந்தைக்குத் தாகம் எடுக்க வழியே இல்லை. அக்குழந்தை தண்ணீரை மறுப்பதில் அதன் உடலைப் பொறுத்தவரை ஒரு தவறும் இல்லை.

அங்கே குறைவது நீர் அன்று, இரும்புச்சத்து. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதோடு, மற்ற உணவில் உள்ள இரும்பை உடல் ஏற்பதையும் அது தடுக்கிறது. வயிறு பாலால் நிறைந்திருக்கும் குழந்தை சோற்றையும் பருப்பையும் கீரையையும் முட்டையையும் ஒதுக்குவதால், கொழுகொழுவென்று இருந்துகொண்டே இரத்தசோகைக்கு ஆளாகிறது. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டர் பாலுக்கு மேல் வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. ஒரே நாளில் நிறுத்தினால் வீடு இரண்டுபடும் என்பதால், உணவுக்கு முந்தைய புட்டியை முதலில் எடுத்துவிட்டு, சில நாட்கள் கழித்து அடுத்ததை எடுங்கள். இரவில் உறங்கியபடியே சப்பும் புட்டி பற்களைச் சொத்தையாக்கும். அதில் பாலின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடலாம். அந்தப் புட்டி போன பிறகு விடியற்காலையில் எழும் குழந்தை, தானாகவே தண்ணீர்க் குவளையை நோக்கிக் கை நீட்டுவதைப் பார்க்கலாம்.

இங்கு சொன்னது பசும்பாலுக்கும் புட்டிப் பாலுக்கும்தான். இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

நான்காம் படி: பாத்திரத்தைப் பழக்குங்கள்

தண்ணீரை வெறுப்பதாகத் தோன்றும் குழந்தைகளில் சிலர் உண்மையில் பாத்திரத்தைக் கையாளத் தெரியாதவர்கள். புட்டியில் சப்புவதற்கும் டம்ளரில் உறிஞ்சுவதற்கும் உதடும் நாக்கும் வேறுவிதமாக அசைய வேண்டும். கற்றுக்கொடுத்தால் சில நாட்களில் வந்துவிடும்.

விளிம்பு மடிந்த சிறிய எவர்சில்வர் டம்ளரில் 20 அல்லது 30 மில்லி மட்டும் ஊற்றுங்கள். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். விளிம்பைக் கீழுதட்டின் மேல் வைத்து, நீர் மேலுதட்டைத் தொடும் வரை மட்டும் சாய்த்து, அங்கேயே நிறுத்துங்கள். ஊற்றக் கூடாது, மேலுதடு கீழிறங்கி நீரை இழுக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஒரு மடக்கு உள்ளே போனதும் டம்ளரை எடுத்துவிட்டு, விழுங்கி மூச்சு விட நேரம் கொடுங்கள். முதல் சில நாட்களுக்குப் பாதி சட்டையில்தான் போகும். குளிப்பதற்கு முன்பான நேரமாகப் பார்த்துப் பழக்கினால் யாருக்கும் எரிச்சல் வராது.

ஸ்ட்ராவில் குடிக்கப் பழக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஸ்ட்ராவைச் சிறிதாக வெட்டி, நீரில் முக்கி, மேல் துளையை விரலால் மூடி எடுத்தால் உள்ளே கொஞ்சம் நீர் நிற்கும். அந்த முனையைக் குழந்தையின் உதடுகளுக்கு இடையில் வைத்து விரலை எடுத்தால் நீர் வாயில் வழியும். சில முறை இப்படிச் செய்த பிறகு, விரலை எடுக்காமல் ஒரு நொடி தாமதியுங்கள்; நீரை எதிர்பார்த்து உதடுகள் குவிந்து இழுக்கும் அசைவு தெரியும்போது விரலை விடுங்கள். அந்த இழுப்பு உறுதிப்பட்டதும் ஸ்ட்ராவை நேராக டம்ளருக்குள் இறக்கிவிடலாம். ஸ்ட்ரா வைத்த பாட்டில்களை வாங்குவதானால், குழலைத் தனியே கழற்றிக் கழுவ முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஏனெனில் அதன் உள்ளே பூஞ்சை படிவது வெளியிலிருந்து தெரிவதில்லை.

நம் வீடுகளில் எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. மூன்று வயதுக்குள் அதை வற்புறுத்த வேண்டாம். கழுத்தைப் பின்னால் சாய்த்து விழுங்கும்போது எளிதில் புரையேறும். ஓரிரு முறை புரையேறிய குழந்தை அதன் பிறகு தண்ணீரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

செய்யவே கூடாத ஒன்று

குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, கையையும் காலையும் பிடித்து, மூக்கை அழுத்திச் சங்கால் அல்லது பாலாடையால் ஊற்றுவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. மருந்துக்கும் இதே வழிதான். மூக்கு அடைபட்ட குழந்தை வாயால்தான் மூச்சு இழுக்கும். இழுக்கும் மூச்சோடு நீர் நுரையீரலுக்குள் போகும். அதனால் நுரையீரல் அழற்சி வரலாம், மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இதைச் செய்பவர் எவ்வளவு அனுபவம் வாய்ந்தவராக இருந்தாலும், எத்தனை பிள்ளைகளை வளர்த்தவராக இருந்தாலும், தடுத்து நிறுத்துவது பெற்றோரின் கடமை.

ஐந்தாம் படி: வேளைகளை அமையுங்கள், கெஞ்சுவதை நிறுத்துங்கள்

“ஒரே ஒரு வாய் குடிடா கண்ணு” என்று நிமிடத்துக்கு ஒரு முறை நீட்டப்படும் தண்ணீரை மறுப்பது, இந்த வயதுப் பிள்ளைக்கு நல்ல விளையாட்டு. “வேண்டாம்” என்ற சொல்லின் வலிமையை அப்போதுதான் கண்டுபிடித்திருக்கும் குழந்தை, அதைச் சோதித்துப் பார்க்கக் கிடைக்கும் எந்த வாய்ப்பையும் விடாது. ஆகவே எப்போது, எதில், என்ன கொடுப்பது என்பதைப் பெரியவர் முடிவு செய்யட்டும். குடிப்பதா, எவ்வளவு குடிப்பது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள்.

தூங்கி எழுந்ததும், ஒவ்வொரு உணவின்போதும், குளித்ததும், வெளியிலிருந்து வந்ததும், மாலை விளையாட்டின் நடுவிலும் என வேளைகளை நாளின் வழக்கத்தோடு பிணைத்துவிட்டால் நினைவூட்டல் தேவைப்படாது. அந்த வேளையில் சிறு டம்ளரை முன்னால் வையுங்கள். நீங்களும் உங்கள் டம்ளரை எடுத்துக் குடியுங்கள். குடித்தால் பாராட்டு மழை வேண்டாம், குடிக்காவிட்டால் முகச்சுளிப்பும் வேண்டாம். சிறிது நேரம் பொறுத்து எடுத்துவிடுங்கள். உணவுக்குச் சற்று முன்பு வயிறு நிறையக் கொடுத்தால் சோறு இறங்காது என்பதால், உணவின் இடையிலும் முடிவிலும் கொடுப்பதே மேல். தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தர விரும்பினால், “தண்ணீர் வேண்டுமா?” என்று கேட்காமல், “நீல டம்ளரா, முயல் படம் போட்ட டம்ளரா?” என்று கேளுங்கள். சிறிய சொம்பிலிருந்து தானே ஊற்றிக்கொள்ள விட்டால், வேண்டாம் என்று சொன்ன குழந்தைகூடக் குடிப்பதுண்டு. தரை ஈரமாவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கைப்பேசியில் காணொளி ஓடவிட்டு வாயில் புகட்டுவது அன்றைய வேளைக்கு வேலை செய்யும். ஆனால் தாகத்தை உணர்ந்து குடிக்கக் குழந்தை அதனால் கற்றுக்கொள்வதில்லை.

வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். அம்மா விட்டுக்கொடுத்து, அப்பா மிரட்டி, பாட்டி சர்க்கரை கலந்து கொடுக்கும் வீட்டில், குழந்தை காத்திருப்பது பாட்டியின் டம்ளருக்காகத்தான்.

ஆறாம் படி: எதைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது

கொதித்து ஆறிய தண்ணீரே முதன்மையானது. கொதித்த நீர் சிலருக்குச் சப்பென்று தோன்றும். இரண்டு பாத்திரங்களுக்கு இடையே மாற்றி மாற்றி ஆற்றினால் சுவை திரும்பும். சிறிது சீரகம் போட்டுக் கொதிக்கவைக்கலாம். ஒரு புதினா இலையோ வெள்ளரித் துண்டோ மிதக்கவிடலாம். பானையில் ஊற்றிக் குளிர்ந்த நீரைக் கொடுத்தால் சளி பிடித்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது, ஏனெனில் சளியை உண்டாக்குபவை கிருமிகள். பானைக்குள் கையை விடாமல், நீண்ட கைப்பிடி உள்ள கரண்டியால் மொள்ள வேண்டும் என்பதில்தான் கவனம் தேவை.

நீர்மோர், பருப்புத் தண்ணீர், காரம் குறைந்த ரசம், காய்கறி வேகவைத்த நீர், அரிசிக் கஞ்சி ஆகியவை எல்லாம் கணக்கில் சேரும். தண்ணீரை அறவே ஒதுக்கும் குழந்தைக்கு உணவின் வழியே நிறைய நீர் சேர்க்கலாம். ரசம் சாதத்தை நன்கு தளரப் பிசையுங்கள், இட்லியைச் சாம்பாரில் ஊறவிடுங்கள், தயிர்சாதத்தில் பாலும் நீரும் தாராளமாக விடுங்கள். வெள்ளரியில் 95 விழுக்காடும் தர்ப்பூசணியில் 90 விழுக்காட்டுக்கு மேலும் நீர்தான். தர்ப்பூசணியில் விதை நீக்கியும், வெள்ளரியைத் துருவித் தயிரில் கலந்தும், நுங்கைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கியும், திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்தும் கொடுக்க வேண்டும். முழு நுங்கும் முழுத் திராட்சையும் வழுக்கித் தொண்டையை அடைத்துவிடும். இளநீர் நல்ல பானம்; ஆனால் அதுவே முழுநாள் பானமாகிவிடக் கூடாது.

சர்க்கரை கலந்த பானங்களை இரண்டு வயது வரை கொடுக்கவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. பனங்கற்கண்டு, நாட்டுச்சர்க்கரை, தேன் என்று பெயர் மாறினாலும் அவையும் சர்க்கரையே. நன்னாரி சர்பத்தும், கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடியும் அதே கணக்குதான். சர்க்கரை சேர்க்காத பழச்சாறாக இருந்தாலும், ஒன்று முதல் மூன்று வயதுக்குள் நாளுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். சாற்றைவிடப் பழத்தைக் கொடுப்பது மேல். தேநீரும் காபியும் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது.

கத்திரி வெயிலில்

வெயில் கொளுத்தும் மே மாதத்தில் முதலில் சொன்ன கணக்கு போதாது; வியர்வையில் போவதை ஈடுகட்ட வேளைகளைக் கூட்டுங்கள். காலை பத்தரை மணிக்கு மேல் மாலை நான்கு மணி வரை வெளியில் விளையாடவிடாமல் இருப்பதே பாதிப் பாதுகாப்பு. பிளே ஸ்கூலிலிருந்து பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்தால், மூடியைக் குழந்தையால் தானே திறக்க முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். பிறகு ஆசிரியையிடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வேளை வைக்கும்படி கேளுங்கள். மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துக் குடிக்கும் வயது அது.

காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும்போது

நலமாக இருக்கும் நாட்களில் குழந்தையின் விருப்பத்துக்கு விடலாம் என்று சொன்னது, நோயுற்ற நாட்களுக்குப் பொருந்தாது. வயிற்றுப்போக்கு தொடங்கியவுடன், இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ் கரைசலைக் கொடுக்கத் தொடங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பொட்டலம் இலவசமாகக் கிடைக்கும். ஒரு லிட்டரில் கரைக்க வேண்டிய பெரிய பொட்டலமும், 200 மில்லியில் கரைக்க வேண்டிய சிறிய பொட்டலமும் விற்கப்படுவதால், உறையில் உள்ள அளவைப் படித்து, அந்த அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். உப்பும் குளுக்கோஸும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்திருந்தால்தான் சிறுகுடல் அவற்றோடு நீரையும் உள்ளிழுக்கும். பாதிப் பொட்டலத்தைக் கண்மதிப்பாகக் கரைப்பதும், கூடுதலாகச் சர்க்கரை போடுவதும் அந்த விகிதத்தைக் கெடுத்துவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை நீராக மலம் போன பிறகும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லியும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லியும் கொடுக்க வேண்டும். டம்ளரில் நீட்டினால் மறுக்கும். ஒரே மூச்சில் குடித்தால் வாந்தி எடுக்கும். எனவே ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று, பொறுமையாக, குழந்தையை நிமிர்த்தி வைத்துப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. துத்தநாக மருந்தும் 14 நாட்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்; அளவை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துக் கடையில் அட்டைப் பெட்டியில் விற்கப்படும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ் என்று நம்பி வாங்கிய பெற்றோர் ஏராளம். அவற்றில் உள்ள மிகுதியான சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டவே செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் விகிதத்தில் இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ் என்ற சொல் இடம்பெறக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. எனினும் வாங்கும்போது உறையைப் படித்துப் பார்ப்பதே நல்லது.

நேற்று வரை குடித்துக்கொண்டிருந்த குழந்தை இன்று திடீரென்று மறுத்தால், வாயைத் திறந்து பாருங்கள். தொண்டைப் புண்ணோ, ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று மக்கள் சொல்லும் கை, கால், வாய் நோயின் கொப்புளங்களோ இருக்கலாம். அப்போது புளிப்பும் உப்பும் எரியும் என்பதால், குளிர்ந்த பால், புளிக்காத தயிர், ஆறிய கஞ்சி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்

ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீரே போகாதிருத்தல், கண்கள் குழிவிழுதல், கண்ணீரில்லா அழுகை, காய்ந்த நாக்கு, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல், மலத்தில் இரத்தம், எதைக் கொடுத்தாலும் வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. குழந்தை துவண்டு, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் இருந்தாலோ, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடித்துக்கொண்டு மூச்சுத் திணறினாலோ, உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அவசரமில்லாவிட்டாலும் காட்ட வேண்டியவை சில உண்டு. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமலோ புரையேறலோ வருவதும், எடை ஏறாமல் நிற்பதும், சிறுநீர் கழிக்கும்போது அழுவதும் அத்தகையவை. காரணம் தெரியாத காய்ச்சலோடு சிறுநீரில் நெடி இருந்தால், சிறுநீர்ப் பாதைத் தொற்றா என்பதை அன்றைக்கே பரிசோதிக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, குழந்தை திடீரென்று ஓயாமல் தண்ணீர் கேட்டு, அளவின்றிச் சிறுநீர் கழித்து, மெலிந்துகொண்டே வந்தால், “இப்போதுதான் நன்றாகக் குடிக்கிறான்” என்று மகிழ்ந்துவிடாமல், அன்றே இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துவிடுங்கள். முதல் வகை நீரிழிவு இந்த வயதிலும் வரும்.